லொறியில் வந்த கணினி அறை

அத்தியாயம் 11

புதன்கிழமை விடியற்காலையில் ஜீவராணி மழைக்காக வேண்டிக்கொண்டாள்.

சும்மா மழை போதாது. பதுளை ரோட்டில் எங்காவது ஒரு மேடு சரிந்து, ரெண்டு நாளைக்கு ஒரு வாகனமும் ஓடாதபடி கொட்ட வேண்டும். அப்படி நினைத்த மறுநிமிஷமே நாக்கைக் கடித்துக்கொண்டாள். மழை நாளெல்லாம் மண் சரியுமோ என்று கண்மூடாமல் கிடக்கிற தோட்டத்து லயன் வீட்டுச் சனத்துக்கு நடுவில் படுத்துக்கொண்டு, எப்பேர்ப்பட்ட வேண்டுதல் இது?

மழை வரவில்லை. ஆறரைக்கே பளீரென்று வெயில் அடித்தது.

போன வாரம் அவள் போட்ட கையெழுத்தைப் பற்றி வீட்டில் இன்னும் யாருக்கும் தெரியாது.

எழில்மலைச் சமுதாயக் கல்லூரிக்கு நான்கு வளாகங்கள். பதுளை பஸ் நிலையத்துக்குக் கிட்ட மூன்று மாடித் தலைமை வளாகம். ஹாலிஎலயில் மின்வேலையும் குழாய்வேலையும் பழக்குகிற பட்டறை. பண்டாரவளையில் ஹோட்டல் சமையல் படிக்கிறவர்களுக்கான பெரிய சமையலறை. நான்காவது, பசறைக்கு மேலே நெடும்பாறைத் தோட்டத்தில். ஒரு காலத்தில் கொழுந்து பறிக்கப் போன தாய்மார் தங்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போன பழைய பிள்ளைக்காம்பராதான் அது. ரெண்டு அறை, ஒரு விறாந்தை, தகரக் கூரை. கல்லூரியின் விளம்பரத் தாளில் மட்டும் நான்கும் ஒரே அளவுப் படமாக இருக்கும்.

அந்த நான்காவது வளாகத்துக்குப் பொறுப்பாளர் ஜீவராணி. இருபத்தாறு பிள்ளைகள். நான்கு கம்பியூட்டர். அதில் ஓடுவது ஒன்று. கரண்ட் கொஞ்சம் குறைந்தாலும் அதுவும் நின்றுவிடும்.

போன வியாழன் கல்லூரி டைரக்டர் அனுப்பிய படிவத்தில் எல்லாம் முன்கூட்டியே நிரப்பியிருந்தது. ‘கணினிகள்: 12. இயங்குபவை: 12.’ கீழே அவள் பெயர், பக்கத்தில் வெறும் கோடு.

“சேர், இங்க பன்னிரண்டு இல்லையே” என்று போனில் கேட்டாள்.

“புதன்கிழமை சோதனை அன்னைக்கு இருக்கும்” என்றார் டைரக்டர். “சோதிக்க வர்றவங்க காலையில பதுளையைப் பார்ப்பாங்க. பிறகு ஹாலிஎல. பகல் சாப்பாட்டுக்குப் பிறகுதான் பசறை. அதுக்குள்ள பதுளையில உள்ளதை ஏத்தி அனுப்புறேன். மறுநாள் பண்டாரவளையிலயும் அதே சாமான்தான். நாலு இடமும் பாஸ் ஆனா அரசாங்க அங்கீகாரம். உங்க பிள்ளைகளோட சான்றிதழுக்கு அப்பதான் மதிப்பு. ஒரு இடம் விழுந்தாலும் அந்த இடத்தை மூடச் சொல்லிடுவாங்க. யோசிங்க ஜீவராணி.”

யோசித்தாள். போன வருஷம் படித்து முடித்த பதினொரு பேர் அந்தச் சான்றிதழைத் தூக்கிக்கொண்டு பதுளையில் கடை கடையாக ஏறி இறங்கியது ஞாபகம் வந்தது. கையெழுத்துப் போட்டாள்.

---

ஜீவராணியின் வீட்டுக்காரன் ரமேஸ் வாசலில் லொறியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். சின்ன லொறி, சொந்த லொறி. மரக்கறி மூட்டை ஏற்றிக்கொண்டு பண்டாரவளைக்கும் பதுளைக்கும் ஓடுகிறவன். இன்றைக்கு அதைக் கழுவி, உள்ளே வீட்டு மெத்தை ரெண்டையும் விரித்திருந்தான்.

“மெத்தை எதுக்கு?” என்றாள் ஜீவராணி.

“ராத்திரி ஸப்வான் போன் பண்ணினான். பசறைக்குப் பன்னிரண்டு கம்பியூட்டர் ஏத்தணுமாம். வளைவுல ஒண்ணோட ஒண்ணு இடிச்சிக்கக் கூடாதுல்ல?” ஈரத் துணியைப் பிழிந்துகொண்டே சிரித்தான். “நீ ஏன் ராணி என்கிட்ட சொல்லல? எனக்கு ஆச்சரியமா இருக்கட்டும்னா?”

ஸப்வான் பதுளை வளாகத்தில் கம்பியூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவன். கழற்றுவதும் பூட்டுவதும் அவன் வேலை. ஏற்ற வேண்டும் என்று மட்டும்தான் அவன் சொல்லியிருக்கிறான். மிச்சத்தை ரமேஸ் தானாகக் கட்டிக்கொண்டுவிட்டான்.

“இல்லைங்க, அது வந்து…”

“நெசமாவா தாயி?” பின்னாலிருந்து மாமனாரின் குரல். கந்தப்பன் வேட்டியை மடித்துக் கட்டியபடி வாசலில் நின்றார். “பன்னிரண்டா?”

ஜீவராணி ரமேஸின் கையிலிருந்த ஈரத் துணியை வாங்கிக் கொடியில் போட்டாள்.

அந்தப் பிள்ளைக்காம்பராவை வாங்குவதற்காகத் தோட்டத்து ஆபீஸ் படியை மூன்று வருஷம் ஏறியவர் கந்தப்பன். காவல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். துரை மாறினால் புதுத் துரையிடம், கணக்கப்பிள்ளை மாறினால் புதுக் கணக்கப்பிள்ளையிடம், அதே மனுவைத் திருப்பித் திருப்பி நீட்டியவர். கட்டடம் கிடைத்த பிறகு ஓட்டைத் தகரத்துக்குத் தாரைக் காய்ச்சி அடைத்ததும் அவர்தான்.

“இந்தப் புள்ளைங்க அட்டையில விரல் வச்சுப் பழகுறதைப் பாக்கையில எனக்கு வயிறு எரியும்” என்றார். “இனி எரியாது.”

ஓடுகிற கம்பியூட்டர் ஒன்றுதானே. அதனால் ஜீவராணி தடித்த அட்டையில் கம்பியூட்டர் எழுத்துப் பலகையை வரைந்து ஆளுக்கொன்று கொடுத்திருந்தாள். பிள்ளைகள் அதில் தட்டிப் பழகிவிட்டு, வாரத்துக்கு ஒருமுறை அரைமணி நேரம் உண்மையான பலகையில் உட்காருவார்கள்.

சொல்லிவிடு, சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது. லொறி கிளம்பியது. ரமேஸ் ஜன்னலால் கையை ஆட்டினான். அவளும் ஆட்டினாள்.

---

பன்னிரண்டே காலுக்கு ஹோர்ன் சத்தம் மலைக்குக் கீழே கேட்டது. ஒரு தரமா ரெண்டு தரமா? பசறை பஸாரிலிருந்தே அடித்துக்கொண்டு வந்திருக்கிறான்.

பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டுச் சாப்பாட்டுக்குத் திரும்பிய பெண்கள், முதுகில் சாக்கோடு அப்படியே நின்றார்கள். கந்தப்பன் ஏற்கனவே ஆள் சேர்த்து வைத்திருந்தார். லொறி வந்து நின்றதும் அவர் கற்பூரத்தைக் கொளுத்தி, முன் சக்கரத்துக்கு முன்னால் தேங்காயை உடைத்தார்.

ஜீவராணி விறாந்தைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“பசறை டவுன்ல தெரிஞ்சவன் தெரியாதவன் எல்லாத்துக்கும் சொல்லிட்டேன்!” ரமேஸ் கீழே குதித்தான். “டீக்கடையில ஷிராஸ் நானா காசே வாங்கல. உங்க தோட்டத்துக்கும் காலம் வந்திருச்சுன்னாரு.”

மறுபக்கத்துக் கதவால் ஸப்வான் இறங்கினான். ஜீவராணியைப் பார்த்தான், உடனே தலையைக் குனிந்தான். அவள் கிட்டப் போனாள்.

“அவர்கிட்ட சொல்லலையா?” என்றாள் மெதுவாக.

“பதினெட்டு கிலோமீட்டர் மிஸ். ஒவ்வொரு வளைவுலயும் சொல்லத்தான் பார்த்தேன். அவர் பாட்டுப் பாடிக்கிட்டு வந்தாரு.” ஸப்வானின் கையில் பிளக்குகள் ஒரு கட்டாக இருந்தன. “நீங்க சொல்லியிருப்பீங்கன்னுதான் நெனச்சேன்.”

அதற்குள் பெட்டிகளை ஆளாளுக்குத் தூக்கத் தொடங்கியிருந்தார்கள். இராக்கம்மா, ஐம்பத்தைந்து வயசு, சாக்கை இறக்கி வைத்துவிட்டு ஒரு திரையைக் குழந்தையைத் தூக்குவதுபோல நெஞ்சோடு அணைத்துத் தூக்கி வந்தாள்.

“எங்கிட்டு வைக்கணும் டீச்சர்?”

“அந்த… அந்த ஓரத்துல வைங்க அக்கா.”

“என் ரெண்டு புள்ளைங்களையும் இந்த மூலையிலதான் ஏணை கட்டிப் போட்டுட்டுப் போவேன்” என்றாள் இராக்கம்மா. “இப்ப பாருங்க.” சேலைத் தலைப்பால் திரையை ஒரு தரம் துடைத்தாள்.

ஜீவராணிக்கு அந்த இடத்திலேயே தரை பிளந்தால் தேவலை என்றிருந்தது.

---

எல்லோரும் சாப்பிடப் போன பிறகு அவள் பழைய நான்கையும் அடுத்த அறையில் தள்ளி வைத்து, கதவைச் சாத்திவிட்டு வேலையைத் தொடங்கினாள். ஒவ்வொரு பெட்டியின் பின்னாலும் ‘பதுளை – அறை 2’ என்று ஒரு வெள்ளைச் சீட்டு. டைரக்டர் கொடுத்தனுப்பிய புதுச் சீட்டில் ‘பசறை’. பழையதை நகத்தால் சுரண்டினாள். பாதி வந்தது, பாதி வரவில்லை. வராத இடத்தில் மேலாலே ஒட்டினாள்.

ஏழாவது பெட்டிக்கு வந்தபோது கதவு திறந்தது.

மதுஷா. ரமேஸின் தங்கச்சி, இருபது வயசு, இதே கல்லூரியில் ரெண்டாம் வருஷம். கையில் சோற்றுப் பெட்டி.

“அண்ணி, காலையில இருந்து நீங்க ஒண்ணும் சாப்பிடலைன்னு அப்பா…”

அவள் கண் பெட்டியின் முதுகுக்குப் போனது. அங்கிருந்து ஜீவராணியின் நகத்துக்கு. அதில் வெள்ளைத் தாள் துகள் ஒட்டியிருந்தது.

“இது நம்மளுது இல்லையா?”

ஜீவராணி நகத்தைச் சேலையில் துடைத்தாள்.

“திரும்பப் போயிருமா?”

“சாயங்காலம்.”

மதுஷா சோற்றுப் பெட்டியை மேசையில் வைத்தாள். “அண்ணனுக்குத் தெரியுமா?”

“இல்ல.”

“அப்பாவுக்கு?”

“மதுஷா, கேளு. இன்னைக்கு ஒரு நாள் சமாளிச்சா உங்க சான்றிதழ்…”

“நான் ஒண்ணும் கேக்கல அண்ணி” என்றாள் அந்தப் பெண். பிறகு மேசையிலிருந்த சீட்டுச் சுருளிலிருந்து ஒன்றைக் கிழித்து, எட்டாவது பெட்டியில் தானே ஒட்டினாள். ஒன்பதாவதில் ஒட்டினாள்.

அவள் திட்டியிருந்தால் ஜீவராணி தாங்கிக்கொண்டிருப்பாள்.

---

ரெண்டு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்க வாகனம் வந்தது. ரெண்டு பேர். ஒருவர் தலை நரைத்த சிங்கள அதிகாரி, தமிழ் கொஞ்சம் விளங்கும். மற்றவர் றுஸைனா, கொழும்பிலிருந்து வந்த விரிவுரையாளர். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, முழங்கால் வலியோடு ஒவ்வொரு படியாக ஏறினார். டைரக்டர் அவர்களோடு வரவில்லை. வந்தால் ஜாடை காட்டுகிறார் என்று சந்தேகப்படுவார்கள் என்று பதுளையிலேயே நின்றுவிட்டார்.

பிள்ளைகள் இருபத்தாறு பேரும் எழுந்து நின்றார்கள். பன்னிரண்டு திரையும் எரிந்தன. ஸப்வான் மூலையில் நின்று கரண்ட் நிற்காமல் இருக்க வேண்டும் என்று ஓதிக்கொண்டிருப்பது அவன் உதட்டிலிருந்து தெரிந்தது.

“வசதியா இருக்கு” என்றார் றுஸைனா. “இவ்வளவு மேல இப்படி ஒரு அறை இருக்கும்னு நான் நினைக்கல.” முன் வரிசையைப் பார்த்தார். “யாராவது ஒருத்தர் வந்து ஒரு கடிதம் அடிச்சுக் காட்டுங்க. சின்னதாப் போதும்.”

யாரும் அசையவில்லை. மதுஷா முன்னால் வந்தாள்.

உட்கார்ந்தாள். ஒரு தரம்கூடக் கீழே குனிந்து பார்க்காமல் தட்டினாள். விரல் பத்தும் ஓடின. அதிகாரி ‘ஹொந்தாய்’, நல்லம், என்று சிங்களத்தில் சொல்லித் தலையாட்டினார். ஆனால் அவள் ஒவ்வொரு எழுத்தையும் அட்டையைக் குத்துகிற வேகத்தில் குத்தினாள். எழுத்துகள் ரெண்டு ரெண்டாக விழுந்தன.

“மெதுவா, பிள்ள. அழுத்தத் தேவையில்ல” என்றார் றுஸைனா. “எவ்வளவு காலமா இந்த மெஷின்ல படிக்கிறீங்க?”

மதுஷா திரும்பி அண்ணியைப் பார்த்தாள்.

அந்த ஒரு பார்வையில் ஜீவராணிக்கு நேரம் இருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தலையையாவது அசைத்திருக்கலாம். அவள் ஜன்னலைப் பார்த்தாள்.

“ரெண்டு வருஷமா மிஸ்” என்றாள் மதுஷா.

“சரி. இதைச் சேமிச்சு வைங்க பார்ப்போம்.”

சேமிப்பதற்கான பெட்டி திரையில் விரிந்தது. ஏற்கனவே சேமித்து வைத்தவற்றின் பெயர்கள் வரிசையாக வந்தன. ஆக மேலே ஒன்று. இன்றைய தேதி, காலை ஒன்பதே முக்கால். பெயர்: ‘றுஸைனா மிஸ்ஸுக்கு வரவேற்பு’.

காலையில் பதுளையில் ஒரு மாணவன் அவருக்கு அடித்துக் காட்டிய கடிதம் அது.

ஸப்வான் சுவரோடு ஒட்டிக்கொண்டான். மதுஷாவின் காது மடல் ரெண்டும் சிவந்து வருவதை ஜீவராணி பின்னாலிருந்து பார்த்தாள்.

றுஸைனா குனிந்து, தானே அந்தப் பெட்டியை மூடினார்.

“போதும் பிள்ள. போய் உட்காருங்க” என்றார்.

---

வாகனத்துக்குப் போகிற வழியில் அவர் ஜீவராணியை மட்டும் நிறுத்தினார். அதிகாரி முன்னால் இறங்கிக்கொண்டிருந்தார்.

“இந்தப் பக்கம் உங்க ஊரா?”

“ஆமாங்க மிஸ். நான் பிறந்தது ஹாலிஎல பக்கம். கட்டிக்கிட்டு வந்தது இங்க.”

“அந்தப் பிள்ள?”

“என் வீட்டுக்காரர் தங்கச்சி.”

றுஸைனா தேயிலை மலையைப் பார்த்தார். “சொந்தப் பிள்ளையா…” என்றார். அவ்வளவுதான். ஆனால் அந்தச் சொல் ஜீவராணியின் கன்னத்தில் விழுந்த மாதிரி இருந்தது.

“இன்னைக்கு இரவு பதுளையில ஆஸ்பத்திரி ரோட்டு விடுதியில தங்குறோம். இந்த இடத்து அறிக்கையை நாளைக்குக் காலையிலதான் எழுதுவேன். அதுவரைக்கும் நான் கண்டது என்னோட இருக்கும்.” படியில் காலை வைத்தவர் திரும்பினார். “நான் எழுதுறதுக்கு முன்ன நீங்களா ஒண்ணு சொன்னா, அது வேற. நான் எழுதின பிறகு சொன்னா, அது வேற. விளங்குதா?”

“விளங்குதுங்க.”

வாகனம் மறைந்த கையோடு போன் அடித்தது. டைரக்டர்.

“எப்படி?”

“பார்த்துட்டுப் போயிட்டாங்க சேர்.”

“நல்லம், நல்லம். உடனே ஏத்துங்க. லொறி நேரே பண்டாரவளைக்குப் போகட்டும்.”

---

நாலரைக்கு மலையிலிருந்து பெண்கள் இறங்கினார்கள். நேரே வீட்டுக்குப் போகவில்லை. புது அறையை வெளிச்சத்தோடு பார்க்க வேண்டும் என்று பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பிள்ளைக்காம்பரா வாசலுக்கு வந்தார்கள். முப்பது நாற்பது பேர் இருக்கும். கந்தப்பன் முன்னால் நின்று, செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையாகப் போகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

உள்ளே ஸப்வான் வயர்களைக் கழற்றத் தொடங்கியிருந்தான்.

“ஏன்டா தம்பி, கழட்டுற?” ரமேஸ் ஓடிப் போனான். “பழுதா?”

ஸப்வான் ஜீவராணியைப் பார்த்தான்.

அவள் விறாந்தைப் படியில் ஏறி நின்றாள். பேசுவதற்கு முன்னால் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள், அதை ரெண்டு தரம் செய்தாள்.

“இது நமக்கு வந்தது இல்ல” என்றாள். “பதுளையில உள்ளது. பார்க்க வந்தவங்களுக்குக் காட்டுறதுக்காகக் கொண்டு வந்தது. நாளைக்குப் பண்டாரவளையில காட்டுவாங்க. எனக்குப் போன வாரமே தெரியும்.”

முதலில் யாருக்கும் விளங்கவில்லை. யாரோ சிரித்தார்கள், வேடிக்கை என்று நினைத்து. பிறகு அந்தச் சிரிப்பும் நின்றது.

“அப்ப, நாங்க தூக்கி வச்சதை நாங்களே தூக்கிக் குடுக்கணுமா டீச்சர்?” என்று இராக்கம்மா கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. வேலை என்ன என்று தெரிந்துகொள்கிற மாதிரிதான் கேட்டாள்.

ஜீவராணி தலையை மட்டும் ஆட்டினாள்.

கந்தப்பன் வாசலில் கழற்றிக் கிடந்த செருப்புகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். மத்தியானம் உடைத்த தேங்காயின் பாதி மூடியை யாரோ அவர் கையில் கொடுத்து வைத்திருந்தார்கள். அதை என்ன செய்வது என்று தெரியாதவர்போல விறாந்தைத் திண்டில் வைத்தார்.

“வெளக்கை அணைச்சிட்டுப் போங்க” என்று பொதுவாகச் சொன்னார். மருமகளைப் பார்க்காமல் லயத்துப் பக்கம் நடந்தார். அந்த மனுஷன் கூன் போட்டு நடந்து அவள் பார்த்ததில்லை.

ரமேஸ் சட்டைக் கையை மடித்துவிட்டான். ஒரு பெட்டியைத் தூக்கினான். கொண்டுபோய் வைத்தான். அடுத்ததைத் தூக்கினான். ஜீவராணி ஒரு பக்கம் பிடிக்கப் போனபோது, “விடு” என்றான்.

மெத்தைகளை மட்டும் மறுபடி விரித்தான். அவ்வளவு கோபத்திலும் சாமான் இடிபடக் கூடாது என்று நினைக்கிறானே என்பதுதான் அவளை அழ வைத்தது.

---

லொறியின் முன் ஆசனத்தில் ஜீவராணி ஏறினாள்.

“நீ எங்க?”

“பதுளை வரைக்கும். விடுதியில இறக்கி விடுங்க. அந்த மிஸ்கிட்ட எல்லாத்தையும் சொல்லப் போறேன்.”

ரமேஸ் ஸ்டியரிங் வளையத்தைப் பிடித்தபடி முன்னால் பார்த்தான். “என்கிட்ட சொல்ல உனக்கு ஒரு வாரமா முடியல. அவங்ககிட்ட சொல்ல ஒரு மணித்தியாலம் போதுமா?”

அவள் கைப்பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

மறுபக்கக் கதவு திறந்தது. மதுஷா ஏறி, அண்ணியை நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். ஸப்வான் பின்னால் பெட்டிகளோடு ஏறிக்கொண்டான்.

“நீ இறங்கு” என்றான் ரமேஸ்.

“மாட்டேன் அண்ணே.”

லொறி புறப்பட்டது. பசறை பஸாரில் ஷிராஸின் டீக்கடைக்கு முன்னால் வந்தபோது, உள்ளேயிருந்து யாரோ உற்சாகமாகக் கை காட்டினார்கள். ரமேஸ் பார்க்காததுபோல ஓட்டினான். அவன் கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

பாதி வழியில் மதுஷா மெதுவாகச் சொன்னாள்: “நீங்க பொய் சொன்னதை நான் மறந்துருவேன் அண்ணி. நான் சொன்னதைத்தான் மறக்க முடியல. கேட்டதும் எவ்வளவு லேசா வந்துச்சு.”

ஜீவராணி அவள் கையைத் தொட்டாள். மதுஷா கையை எடுக்கவும் இல்லை, பிடிக்கவும் இல்லை.

---

விடுதி விறாந்தையில் விளக்குப் போட்டிருந்தார்கள். வெளியே இன்னும் கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருந்தது. பிரம்பு நாற்காலியில் றுஸைனா காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சிங்கள அதிகாரி. அவருக்கு எதிரே, தேநீர்க் கோப்பையோடு சிரித்துக்கொண்டு, டைரக்டர்.

ஜீவராணியின் கால் முற்றத்திலேயே நின்றுவிட்டது. இவர் இங்கே இருப்பார் என்று அவள் நினைத்துப் பார்க்கவில்லை.

“அட, ஜீவராணி!” டைரக்டர் எழுந்தார். சிரிப்பு அப்படியே இருந்தது, கண் மட்டும் மாறியது. “லொறி இன்னும் இங்கயா? என்ன விஷயம்?”

“உங்ககிட்ட இல்ல சேர். மிஸ்கிட்ட…”

சொல் அங்கேயே நின்றது. பதினாலு வருஷம் வேலை கொடுத்த மனுஷன். முதல் நாள் அவளுக்கு நாற்காலி போட்டுக் கொடுத்தவர்.

மதுஷா அவளைத் தாண்டிப் படியேறினாள். றுஸைனாவுக்கு முன்னால் போய் நின்று, ரெண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“மிஸ், ரெண்டு வருஷம்னு சொன்னது பொய். அந்த மெஷினை நான் இன்னைக்குத்தான் முதல் முதல்ல தொட்டேன். நாங்க அட்டையில தட்டித்தான் படிக்கிறோம்.” ஒரு மூச்சு எடுத்தாள். “அண்ணி சொல்லச் சொல்லல. நானாத்தான் சொன்னேன்.”

இருபது வயசுப் பெண் தன்னைக் காப்பாற்றிப் பேசுகிறாள். அதற்குப் பிறகும் முற்றத்திலேயே நிற்க ஜீவராணியால் முடியவில்லை. ஏறினாள்.

“நான் சொல்லச் சொல்லலைதான் மிஸ். ஆனா அவ என்னைப் பார்த்தா. நான் ஜன்னலைப் பார்த்தேன்.”

“ஜீவராணி.” டைரக்டர் குரலைத் தாழ்த்தினார். “களைச்சுப் போயிருக்கீங்க. வீட்டுக்குப் போங்க. ஒரு வார்த்தை கூடிப்போனா நாளையோட பசறை மூடிடும். இருபத்தாறு பிள்ளைகள். அதையும் யோசிச்சுத்தான் வந்தீங்களா?”

“யோசிச்சேன் சேர். வரும்போது வழியெல்லாம் அதைத்தான் யோசிச்சேன்.”

சிங்கள அதிகாரி கோப்பையை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தார். றுஸைனா ரெண்டு நாற்காலியைக் காட்டினார். “உட்காருங்க. முதல்ல இருந்து சொல்லுங்க. அவசரமில்ல.”

டைரக்டர் விறாந்தையின் ஓரத்துக்குப் போய் ஒரு நம்பரை அழுத்தினார்.

கீழே, லொறிக்குள், ரமேஸின் போன் அடித்தது.

ஜீவராணி பேசத் தொடங்கியிருந்தாள். எந்த வியாழன், எத்தனை மணி, படிவம் யார் கையால் வந்தது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். அந்தப் பன்னிரண்டு கம்பியூட்டரும் இந்த முற்றத்தில் லொறியில்தான் இருக்கிறது, வேண்டுமென்றால் சீட்டுகளைச் சுரண்டிப் பாருங்கள் என்று சொல்ல வாயெடுத்தாள்.

லொறி ஸ்டார்ட் ஆகிற சத்தம் கேட்டது.

மதுஷா எழுந்துவிட்டாள். “அண்ணே!”

பின்னால் எரிந்த சிவப்பு விளக்கு ரெண்டும் விடுதி வாசலைத் தாண்டி ரோட்டுக்குத் திரும்பின. எந்தப் பக்கம் திரும்பின என்று மரம் மறைத்துவிட்டது. பண்டாரவளைக்கா? பசறைக்கா? டைரக்டர் போனைப் பையில் போட்டுக்கொண்டு நிதானமாக நாற்காலிக்குத் திரும்பினார்.

“அந்தக் கம்பியூட்டரெல்லாம் இப்ப எங்க?” என்று கேட்டார் றுஸைனா.

ஜீவராணி வெறும் முற்றத்தைப் பார்த்தாள். பிறகு றுஸைனாவின் முகத்தைப் பார்த்தாள்.

“இப்ப எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாது மிஸ்” என்றாள். “மிச்சத்தையும் சொல்லி முடிச்சிடுறேன்.”